டெக்னாலஜிய தனி பீரியடுக்குள்ள பூட்டி வைக்காம எல்லா பாடத்துலயும் சொல்லித் தர்றது எப்படி

ஒரு சின்ன சம்பவத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏழாம் வகுப்பு சயின்ஸ் கிளாஸ், எட்டு செடியோட உயரத்தை அளந்து சராசரி கண்டுபிடிக்கணும். அளவு எல்லாம் செ.மீ.ல 12, 14, 13, 15, 11, 13, 14, 20. ஒரு பொண்ணு கையால கூட்டி வகுத்து நோட்டுல 14னு எழுதிட்டா, அப்புறம் அதே நம்பரை எல்லாம் ஸ்ப்ரெட்ஷீட்ல அடிச்சு ஆவரேஜ் ஃபார்முலா போட்டா, அங்க 13.14னு வந்துச்சு. உடனே நோட்டுல இருந்த 14ஐ ரப்பர் வெச்சு அழிச்சுட்டு 13.14னு எழுதினா. ஏம்மா அழிச்சேன்னு கேட்டா, "கம்ப்யூட்டர் தப்பா போடாதுல்ல மிஸ்"னு சொல்றா. கிட்ட போய் பார்த்தா 20னு அடிக்க வேண்டிய இடத்துல 2 அடிச்சுட்டு பூஜ்யத்துக்கு பதிலா ஓங்கிற ஆங்கில எழுத்தை தட்டியிருக்கா, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு போலதான் தெரியும், ஆனா ஃபார்முலா அதை எழுத்துன்னு எடுத்துக்கிட்டு சத்தமே இல்லாம ஒதுக்கி வெச்சுட்டு மீதி ஏழு செடிக்கு மட்டும் சராசரி போட்டு கொடுத்திருக்கு.

அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் பரீட்சைல முழு மார்க் வாங்குற பொண்ணு. ஆவரேஜ் ஃபார்முலா எப்படி எழுதணும்னு கேட்டா தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவா. ஆனா தான் கையால போட்ட சரியான விடையை ஸ்கிரீனை நம்பி அழிக்கிறா. அன்னைல இருந்து எனக்கு ஒரு விஷயம் உறுதியா ஆயிடுச்சு. டெக்னாலஜி அறிவுங்கறத எந்த பட்டன் எங்க இருக்குன்னு தெரியுறதோட நிறுத்தக்கூடாது, வர்ற விடையை சந்தேகப்படத் தெரியணும், அந்த சந்தேகம் செடியைப் பத்தித் தெரிஞ்ச சயின்ஸ் டீச்சர் கிளாஸ்லதான் பிறக்கும், கம்ப்யூட்டர் லேப்ல பிறக்காது. லேப்ல இருக்கற சாருக்கு செடி 13 செ.மீ.யா 14 செ.மீ.யான்னு கவலைப்பட காரணமே இல்லையே.

அதனால இதை எல்லா பாடத்துலயும் எப்படிக் கொண்டு வர்றதுன்னு நான் பார்த்தது, செஞ்சது, சரிப்பட்டு வந்ததுன்னு எல்லாத்தையும் எழுதுறேன்.

முதல்ல மெஷின் வாங்காதீங்க, உக்காந்து பேசுங்க

நிறைய பள்ளிகள்ல வரிசை தலைகீழா இருக்கு, முதல்ல டேப்லெட் வாங்குறாங்க, அப்புறம் ஆப் போடுறாங்க, கடைசியா டீச்சர்கிட்ட கொடுத்து ஏதாவது பண்ணுங்கன்னு சொல்றாங்க. இப்படி பண்ணா என்ன ஆகும்னு உலகம் ஏற்கனவே பார்த்தாச்சு. பெரு நாட்டுல குழந்தைக்கு ஒரு லேப்டாப்னு ஒரு பெரிய திட்டம், லட்சக்கணக்குல கொடுத்தாங்க, அதை ஆராய்ச்சி பண்ணி 2012ல வந்த அறிக்கைல கணக்குலயும் மொழிப் பாடத்துலயும் மார்க் ஏறினதுக்கான அடையாளமே இல்லைன்னு வந்துச்சு. 2015ல பணக்கார நாடுகள் பல சேர்ந்த ஓஇசிடி அமைப்பு வெளியிட்ட அறிக்கையும் பள்ளிக் கம்ப்யூட்டருக்கு நிறைய செலவு பண்ண நாடுகள்ல பீசாங்கற சர்வதேச மாணவர் தேர்வு மார்க் சொல்லிக்கற மாதிரி உயரலைன்னுதான் சொல்லுது. இதைப் படிச்சுட்டு கம்ப்யூட்டரே வேண்டாம்னு முடிவு பண்றதும் தப்பு. பொருள் மட்டும் வந்து பாடம் மாறாம இருந்தா ஒண்ணும் நடக்காது, அவ்ளோதான் அதுல இருக்கு.

2006ல புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் ஒரு கருத்து சொன்னாங்க, டீச்சருக்கு பாடம் தெரியணும், சொல்லித் தரத் தெரியணும், கருவி தெரியணும், இந்த மூணும் தனித்தனியா இருந்தா பத்தாது, மூணும் கலக்கற இடம் ஒண்ணு இருக்கு, அங்கதான் வேலை நடக்குதுன்னு. இதை ஸ்டாஃப் ரூம்ல எப்படி செய்யறதுன்னா, ஒரு பெரிய சார்ட் பேப்பர் எடுங்க, இடது பக்கம் பாடங்கள் பேரு, மேல நாலே நாலு தலைப்பு. தேடி சரிபார்க்கறது, டேட்டாவை கையாள்றது, உருவாக்கி பகிர்றது, பாதுகாப்பா இருக்கறது. இப்ப ஒவ்வொரு டீச்சரும் தன் பாடத்துல ஏற்கனவே நடத்தப்போற ஒரு பாடத்தை எடுத்து எந்தக் கட்டத்துல பொருந்தும்னு எழுதணும். புதுசா பாடம் உருவாக்க சொல்லாதீங்க, ஏற்கனவே போர்ஷன் முடிக்க நேரம் இல்லாம திண்டாடறவங்ககிட்ட இன்னொரு மூட்டையை ஏத்தினா முதல் நாளே வெறுத்துடுவாங்க. ஒரு டேர்முக்கு ஒரு டீச்சருக்கு ஒரு பாடம் போதும், பத்து டீச்சர் இருந்தா பத்து பாடம் ஆச்சு, குழந்தைக்கு அது பெரிய விஷயம்.

எழுதினதும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, இந்தக் கருவியை எடுத்துட்டா பாடத்துக்கு நஷ்டம் உண்டா? இல்லைன்னா அதை அடிச்சுடுங்க. பலகைல எழுதறதையே ஸ்லைடுல போட்டுக் காட்டறதால குழந்தைக்கு ஒரு புது யோசனையும் வராது.

கணக்கு

இங்கதான் விஷயம் ரொம்ப அதிகமா கொட்டிக் கிடக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முக்கோணத்துல இருந்து ஆரம்பிங்க. ஸ்க்ராட்ச்னு எம்ஐடி மீடியா லேப் 2007ல வெளியிட்ட, குழந்தைங்க ப்ரோகிராம் எழுதிப் பழகற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுக்கெல்லாம் தாத்தா 1967ல வந்த லோகோங்கற ப்ரோகிராமிங் மொழி, சைமூர் பாப்பர்ட்டும் அவரோட சேர்ந்தவங்களும் பண்ணது. சதுரம் வரைய 100 அடி போ, 90 டிகிரி திரும்பு, இதை நாலு தடவை செய்னு குழந்தைங்க ஈஸியா எழுதிடுவாங்க. அடுத்து சமபக்க முக்கோணம் கேளுங்க, கிட்டத்தட்ட எல்லாருமே கோணம் 60ன்னு புத்தகத்துல படிச்சதை அப்படியே போடுவாங்க, முக்கோணம் மூடாது, அரை அறுகோணம் மாதிரி வாய் திறந்து நிக்கும். அந்த நேரத்துல வாயைத் திறக்காதீங்க. ஒரு குழந்தையை எழுப்பி தரைல சாக்பீஸ்ல போட்ட முக்கோணத்து மேல நடக்கச் சொல்லுங்க, மூலைக்கு வந்து திரும்பும்போது உடம்பு எவ்ளோ திரும்புதுன்னு பார்க்கச் சொல்லுங்க, திரும்பறது வெளிக்கோணம், அது 120. புத்தகத்துல வெளிக்கோணங்களோட கூட்டுத்தொகை 360ன்னு ஒரு வரியா கிடக்கறது அன்னைக்கு கால்ல ஏறிடும். ப்ரோகிராமிங்ல தப்பு வந்தா அழ வேண்டியதில்ல, தப்பு எங்கன்னு படிப்படியா பார்க்கணும்ங்கறதும் அதே அரை மணி நேரத்துல வந்துடுது.

அடுத்தது ஸ்ப்ரெட்ஷீட். பெரிய வகுப்புக்கு ஒரு உண்மைக் கதை சொல்லுங்க. 2010ல ரைன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க, நாட்டோட கடன் அதோட வருஷ மொத்த உற்பத்தில (ஜிடிபி) 90 சதவீதத்தை தாண்டினா வளர்ச்சி ரொம்ப விழுந்துடும்னு, சராசரியா மைனஸ் 0.1 சதவீதம்னு கணக்கு. நிறைய நாட்டு அரசியல்வாதிங்க அதை மேற்கோள் காட்டினாங்க. 2013ல தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு மாணவர், வகுப்புக்கான வேலையா அதே கணக்கை திரும்பப் போட்டுப் பார்த்திருக்கார், வரவே இல்ல. கட்டுரை எழுதினவங்ககிட்டயே கேட்டு அவங்க ஃபைலையே வாங்கிப் பார்த்தா, சராசரி ஃபார்முலா 20 நாட்டுல 15 நாட்டை மட்டும் எடுத்திருக்கு, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சும் வெளிய நிக்குது, யாரோ செல்லை இழுக்கும்போது அஞ்சு வரிசை முன்னாடியே நிறுத்திட்டாங்க. அதோட வேற சில கணக்கு முறைப் பிரச்சினைகளையும் சேர்த்து சரிபண்ணா ஹெர்ன்டன் குழுவுக்கு வந்த விடை 2.2 சதவீதம். இந்தக் கதையைச் சொல்லிட்டு, அஞ்சு வரிசை விட்டுப்போன ஒரு மார்க் ஷீட்டை நீங்களே தயார் பண்ணி கொடுத்து கண்டுபிடிக்கச் சொல்லுங்க. பெரிய ஆளுங்க தப்பை ஒரு மாணவர் கண்டுபிடிச்சார்ங்கறது குழந்தைங்களுக்கு எவ்ளோ தெம்பு தருதுன்னு அவங்க முகத்துல தெரியும்.

படம் வரையாம சராசரியை நம்பக்கூடாதுன்னு காட்ட, புள்ளியியல் நிபுணர் ஆன்ஸ்கம் 1973ல கொடுத்த நாலு டேட்டா தொகுப்பு இருக்கு. நாலுக்கும் ஒரு பக்க சராசரி 9, இன்னொரு பக்க சராசரி 7.5, மத்த அளவுகளும் கிட்டத்தட்ட ஒண்ணேதான், வரைஞ்சு பார்த்தா நாலும் நாலு விதமா இருக்கும், ஒண்ணு நேர்கோட்டு போக்கு, ஒண்ணு வளைவு, மத்த ரெண்டுல ஒத்தைப் புள்ளி தள்ளி நின்னு எல்லாத்தையும் இழுக்கும். நம்பர் அச்சடிச்சு கொடுத்தா கிராஃப் பேப்பர்லயே போட்டுடலாம், கம்ப்யூட்டர் கூட வேணாம்.

வரிசை மாற்றம், அடுக்கு நடத்தும்போது பாஸ்வேர்டை எடுத்துக்கோங்க. நாலு இலக்க பின் நம்பர் 10,000 விதம்தான். கீபோர்டுல இருக்கற 95 எழுத்து, குறி எல்லாம் கலந்து 8 இடத்துக்கு பாஸ்வேர்டு வெச்சா 95இன் 8ஆம் அடுக்கு, வெறும் சின்ன ஆங்கில எழுத்து மட்டும் வெச்சு 12 இடத்துக்கு போட்டா 26இன் 12ஆம் அடுக்கு. எது பெருசுன்னு முதல்ல கை தூக்கச் சொல்லுங்க, அப்புறம் கணக்கு போடச் சொல்லுங்க. ரெண்டாவதுதான் சுமார் 14 மடங்கு பெருசு. யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. நீளம்தான் முக்கியம், சும்மா சும்மா மாத்தச் சொல்லி தொல்லை பண்ண வேண்டாம்னு அமெரிக்க அரசோட தரநிலை அமைப்பான நிஸ்ட்டும் 2017ல வழிகாட்டி வெளியிட்டுச்சு. ஒண்ணு மட்டும் மறக்காம சேர்த்து சொல்லணும், இந்தக் கணக்கு தாறுமாறா எடுத்த எழுத்துக்கு மட்டும்தான் பொருந்தும், சொந்தப் பேரும் பிறந்த வருஷமும் சேர்த்து எழுதினா நீளம் காப்பாத்தாது.

சயின்ஸ்

ஃபோனை வகுப்புக்கு வெளிய வைன்னு சொல்லிச் சொல்லி பழகிட்டோம், ஆனா டீச்சர் கைல இருக்கற ஃபோனே ஒரு சின்ன லேப். வேகமாற்றம், ஒலி, காந்தப்புலம், வெளிச்சம்னு அதுக்குள்ள எத்தனையோ சென்சார் இருக்கு. ஜெர்மனில ஆஹென் பல்கலைக்கழகத்துக்காரங்க ஃபைபாக்ஸ் (phyphox)னு ஒரு இலவச ஆப் பண்ணியிருக்காங்க, அதுல ஒலியைக் கேட்டு ஓடி ஒலியைக் கேட்டு நிக்கற ஸ்டாப்வாட்ச் இருக்கு. அதை வெச்சு ஒலியோட வேகத்தை வராண்டாலயே அளக்கலாம்.

ரெண்டு ஃபோனை சரியா 5 மீட்டர் தள்ளி வைங்க, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு குழந்தை. முதல் குழந்தை ஒரு தடவை கை தட்டணும், பக்கத்து ஃபோன் உடனே ஓட ஆரம்பிக்கும், தூரத்து ஃபோனுக்கு சத்தம் போய்ச் சேர கொஞ்சம் நேரம் ஆகறதால அது லேட்டா ஆரம்பிக்கும். ரெண்டு மூணு செகண்ட் விட்டு ரெண்டாவது குழந்தை கை தட்டணும், இப்ப அந்தப் பக்கத்து ஃபோன் முதல்ல நிக்கும், இந்தப் பக்கத்து ஃபோன் லேட்டா நிக்கும். ரெண்டு ஃபோன் காட்டற நேரத்தோட வித்தியாசம், சத்தம் 10 மீட்டர் போக எடுத்துக்கிட்ட நேரம். 0.029 செகண்ட் பக்கத்துல வரும், 10ஐ அதால வகுத்தா 340க்கு பக்கத்துல நிக்கும். வராதப்பதான் உண்மையான பாடம், ஒரு தடவை எங்களுக்கு 200க்கு பக்கத்துல வந்துச்சு, பார்த்தா யாரோ நடுவுல செருப்பைத் தேய்ச்சிருக்காங்க, ஒரு ஃபோன் அதையே கை தட்டுன்னு எடுத்துக்கிச்சு. சென்சார் தனக்குக் கேட்டதைத்தான் சொல்லும், நாம நினைச்சதை சொல்லாதுன்னு குழந்தைங்க தாங்களாவே சொன்னாங்க. அஞ்சு தடவை அளந்து சராசரி எடுக்கணும்னு ஏன் புத்தகம் சொல்லுதுன்னும் அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

நெட் இல்லாத பள்ளிக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது ஸ்கிரீன்லயே பண்ற பரிசோதனைகளை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கலாம், நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002ல ஆரம்பிச்சது. ஆனா சிமுலேஷன்ல எல்லாம் அழகா வந்துடும், உராய்வை ஆஃப் பண்ணா உராய்வே இருக்காது, அதனால நிஜப் பரிசோதனை ஒண்ணையும் பக்கத்துல வெச்சு ரெண்டும் ஏன் ஒத்துப்போகலைன்னு கேக்கணும், இல்லைன்னா அது வெறும் வீடியோ கேம்.

பயாலஜி நடத்தறவங்களுக்கு ஒரு நல்ல உதாரணம். மனித ஜீன்கள்ல சிலதுக்கு மார்ச்1, செப்ட்1னு பேரு இருந்துச்சு, எக்செல்ல அடிச்சா அது தேதின்னு நினைச்சு மாத்திடும், இப்படி நிறைய ஆராய்ச்சிக் கட்டுரை டேட்டா கெட்டுப் போயிருக்கு. கடைசியா 2020ல பேர் வைக்கற கமிட்டியே அந்த ஜீன்களோட பேரை மாத்திடுச்சு. சாஃப்ட்வேர் நமக்கு உதவி பண்றேன்னு நாம கேக்காததையும் செய்யும், டேட்டாவை உள்ள போட்டதும் ஒரு தடவை திரும்பப் பார்க்கணும்ங்கறதுக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

தமிழ் வகுப்புக்கு என்ன இருக்கு?

இந்தக் கேள்வியை எல்லா மீட்டிங்லயும் தமிழ் ஐயாங்க கேப்பாங்க, நிறைய இருக்கு ஐயா. தமிழ்ங்கற சொல்லுக்கு எத்தனை எழுத்துன்னு கேளுங்க, எல்லா குழந்தையும் மூணுன்னு சொல்லும். அதை ஸ்ப்ரெட்ஷீட்ல அடிச்சு எழுத்தை எண்ணற லென் (LEN) ஃபார்முலா போட்டா 5னு வரும். கம்ப்யூட்டர் தப்பா சொல்லுதா? கம்ப்யூட்டர் எழுத்துகளை சேமிக்கற யூனிகோட் முறைல த, ம, இகரத்தோட குறி, ழ, புள்ளின்னு அஞ்சு துண்டா சேமிச்சிருக்கு, அதை அஞ்சுன்னு எண்ணுது. பள்ளின்னு அடிச்சாலும் 5தான், நமக்கு 3. உயிர்மெய் எப்படி மெய்யும் உயிரும் சேர்ந்து உருவாகுதுங்கற இலக்கணத்தையும், எழுத்து கம்ப்யூட்டருக்குள்ள எப்படி உக்காருதுங்கறதையும் ஒரே பீரியட்ல சொல்லிடலாம், கம்ப்யூட்டர் பிரிக்கற விதமும் இலக்கணம் பிரிக்கற விதமும் எங்க ஒத்துப்போகுது எங்க மாறுதுன்னு குழந்தைங்களையே பட்டியல் போடச் சொல்லுங்க. இதை நடத்த கம்ப்யூட்டர் சாரைவிட இலக்கணம் தெரிஞ்ச தமிழாசிரியருக்குத்தான் தகுதி அதிகம்.

இன்னொண்ணு மெஷின் மொழிபெயர்ப்பு. "அவர் டாக்டர்", "அவர் நர்ஸ்", "அவர் பைலட்", "அவர் சமையல் செய்கிறார்"னு நாலு வாக்கியம் எழுதி ஆங்கிலத்துக்கு மாத்தச் சொல்லுங்க. நம்ம அவர்ங்கற சொல் ஆணா பெண்ணான்னு சொல்லல, ஆங்கிலத்துல மெஷின் பெரும்பாலும் ஆண், பெண்ல ஒண்ணைத் தேர்ந்தெடுத்துடும். எதைத் தேர்ந்தெடுத்துச்சு, ஏன், யார் எழுதினதைப் படிச்சு அது அப்படி பழகியிருக்கும்? அன்னைக்கு வர்ற விவாதத்தை நிறுத்தவே முடியாது.

வரலாறு, புவியியல்

இணையத்துல படிச்சதை எப்படி சோதிக்கறதுன்னு குழந்தைங்களுக்கு நாம வழக்கமா சொல்ற அறிவுரை, பக்கத்தை நல்லா முழுசா படி, லோகோ இருக்கா பாரு, டிசைன் நல்லா இருக்கா பாருங்கறது. அது தப்பான அறிவுரை. சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ரெண்டு பேரும் ஸ்டான்ஃபோர்டுல பண்ண ஆய்வு 2017ல வந்துச்சு, 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், செய்தி உண்மையான்னு சரிபார்க்கறதையே வேலையா செய்யற 10 ஃபேக்ட் செக்கர்கள், 25 கல்லூரி மாணவர்கள் ஒரே வெப்சைட்டுகளைப் பார்த்தாங்க. பேராசிரியர்கள்ல நிறைய பேரும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளயே மேல இருந்து கீழ படிச்சு லோகோவையும் முகவரியையும் நம்பி ஏமாந்தாங்க, ஃபேக்ட் செக்கர்கள் சட்டுன்னு அந்தப் பக்கத்தை விட்டு வெளிய வந்து புது டேப் திறந்து இந்த அமைப்பைப் பத்தி மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்தாங்க, குறைஞ்ச நேரத்துல சரியா சொன்னாங்க. ஒருத்தரைப் பத்தி விசாரிக்கணும்னா அவர்கிட்டயே கேட்டா நல்லவன்னுதானே சொல்லுவாரு, அக்கம்பக்கத்துல கேக்கறோம்ல, அதே வேலைதான் இது. வகுப்புல ப்ரொஜெக்டர் முன்னாடி நின்னு நீங்களே ஒரு தடவை வாய்விட்டு பேசிக்கிட்டே செஞ்சு காட்டுங்க, இப்ப இந்த சைட் யாருதுன்னு தெரியல, வெளிய வந்து தேடறேன், முதல் ரிசல்ட்டை உடனே க்ளிக் பண்ணல, கீழ வரைக்கும் பார்த்துக்கறேன்னு. டீச்சர் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு குழந்தைக்குக் கேக்கணும், ஸ்லைடுல விதியா எழுதிப் போட்டா ஒட்டாது.

விக்கிபீடியாவைத் தொடாதேன்னு சொல்றதுக்கு பதிலா வரலாறுங்கற டேபைத் திறந்து காட்டுங்க, யார் எப்ப எதை மாத்தினாங்க, பேச்சுப் பக்கத்துல எதுக்கு சண்டை போட்டுக்கிட்டாங்கன்னு எல்லாம் அங்க இருக்கு, வரலாறு எழுதப்படற விதத்தையே நேர்ல பார்க்கறாங்க.

புவியியலுக்கு மேப் ஒண்ணு போதும். 1569ல மெர்கேட்டர் கடல் பயணத்துக்காக வரைஞ்ச முறையைத்தான் நிறைய ஆன்லைன் மேப் இன்னும் கொஞ்சம் மாத்தி வெச்சிருக்கு, அதுல கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், நிஜத்துல ஆப்பிரிக்கா அதைவிட சுமார் 14 மடங்கு பெருசு. பரப்பளவைத் தேடி வகுத்துப் பார்க்கச் சொல்லுங்க, அப்புறம் உருண்டை குளோபைக் கைல கொடுங்க.

ஓவியம், பாட்டு வகுப்புல யாரோட படம், யாரோட இசை, எந்த அனுமதியோட எடுத்தேன்னு படத்துக்குக் கீழ ஒரு வரி எழுத வைக்கற பழக்கம் ஒண்ணே போதும். விளையாட்டு வகுப்புல ஓடறதை ஸ்லோ மோஷன்ல எடுத்து காலை எப்படி வைக்கறோம்னு பார்க்கலாம், ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி எடுக்கலாமான்னு அந்தக் குழந்தைகிட்ட கேட்டுட்டு எடுக்கணும், வேண்டாம்னா விட்டுடணும், பார்த்து முடிச்சதும் அவங்க கண் முன்னாடியே அழிக்கணும். பெரியவங்க நாமளே கேக்காம குழந்தைங்க ஃபோட்டோவை குரூப்ல போட்டுட்டு அவங்களுக்கு தனியுரிமை பத்தி பாடம் எடுத்தா ஏறாது.

ஏஐ வெச்சு எழுதிட்டு வர்றாங்களே

2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுல இருந்து எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் இதே பேச்சுதான். கண்டுபிடிக்கற சாஃப்ட்வேரை நம்பி ஒரு குழந்தையையும் தயவுசெஞ்சு குத்தம் சொல்லாதீங்க. சாட்ஜிபிடி பண்ண கம்பெனியே 2023 ஜனவரில ஒரு கண்டுபிடிப்பான் வெளியிட்டு, துல்லியம் போதலைன்னு ஜூலைல மூடிட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டுல பண்ண ஒரு ஆய்வுல, ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க சொந்தமா எழுதின கட்டுரைகள்ல பாதிக்கு மேல ஏஐ எழுதினதுன்னு இந்தக் கருவிகள் தப்பா சொல்லியிருக்கு. நம்ம குழந்தைங்க ஆங்கிலத்துல எழுதும்போது யார் மாட்டுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

அதுக்கு பதிலா ஏஐ எழுதின பதிலையே பாடமாக்குங்க. அடுத்து எந்த சொல் வர வாய்ப்பு அதிகம்னு கணிச்சு கணிச்சு எழுதறதுதான் அதோட அடிப்படை, அதனால இல்லாததையும் நம்பற மாதிரியே எழுதும். 2023ல நியூயார்க்ல வக்கீலுங்க அது உருவாக்கிக் கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை கோர்ட்ல தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் வாங்கினாங்க. உங்க பாடத்துல ஒரு கேள்விக்கு அது தர்ற பதிலை அச்சடிச்சு கொடுத்து, சரியா இருக்கறதுக்கு பச்சை கோடு, தப்புக்கு சிவப்பு, புத்தகத்தை வெச்சு உறுதிபண்ண முடியாததுக்கு நீலம்னு போடச் சொல்லுங்க. நீலம்தான் அதிகம் வரும், அதைப் பத்திப் பேசுங்க. இதுக்கு குழந்தைங்க கைல எந்தக் கருவியும் வேண்டாம், அவங்க பேர்ல அக்கவுண்டும் திறக்க வேண்டாம்.

மெஷின் கம்மியா இருந்தா

கம்மியாத்தான் இருக்கும், பரவாயில்ல. கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் எப்படி யோசிக்குதுன்னு சொல்லித் தர நியூசிலாந்துல ஆரம்பிச்ச சிஎஸ் அன்ப்ளக்டுங்கற இலவசப் பயிற்சிகள் இருக்கு. அஞ்சு குழந்தைங்களை 16, 8, 4, 2, 1னு அட்டை பிடிச்சு நிக்க வைங்க, 19 வேணும்னா 16, 2, 1 மட்டும் அட்டையைக் காட்டணும், மத்தவங்க மறைச்சுக்கணும், அதுதான் 10011. ஒண்ணாம் வகுப்பு டீச்சர் கூட இதைப் பண்ணலாம்.

மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்னா ஒருத்தர் கீபோர்டு, ஒருத்தர் படிச்சு சொல்றது, ஒருத்தர் சரிபார்க்கறது, ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிச்சு மாத்துங்க. மணி அடிக்காம விட்டா தெரிஞ்ச குழந்தையே கடைசி வரைக்கும் கீபோர்டைப் பிடிச்சுக்கும், பெரும்பாலும் பொண்ணுங்க பின்னாடி நின்னு எட்டிப் பார்த்துட்டே வருஷத்தை முடிச்சுடுவாங்க, நான் பல வகுப்புல இதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கேன். தெரிஞ்ச குழந்தை தெரியாத குழந்தைக்கு உதவும்போது ஒரே ஒரு விதி, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வாயால மட்டும் சொல்லணும், மவுஸைத் தொடக்கூடாது. இதே விதியை டீச்சர்களுக்கு சொல்லித் தரும்போதும் வைங்க, இருபத்தஞ்சு வருஷம் பாடம் எடுத்தவங்க கைல இருந்து மவுஸைப் பிடுங்கி டக்டக்னு செஞ்சு காட்டினா அவங்க திரும்ப அந்த ரூம் பக்கம் வர மாட்டாங்க.

மார்க் எப்படிப் போடறதுன்னா, தனியா ஒரு பரீட்சை வேண்டாம், ஒவ்வொரு பாடத்தோட ப்ராஜெக்ட்லயும் "இது சரின்னு எப்படி உறுதி பண்ணே"ன்னு ஒரு கேள்வி சேர்த்து அதுக்கு மார்க் கொடுங்க. எந்த சாஃப்ட்வேர், எத்தனை ஸ்லைடு, என்ன கலர்னு பார்த்து மார்க் போட்டா குழந்தை கலர்லயே நிக்கும். தப்பைத் தானே கண்டுபிடிச்சு எழுதினா மார்க் குறையக்கூடாது, கூடணும்.

எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலைன்னா நாளைக்கே அந்த எட்டு செடியை எடுத்துக்கோங்க. ஸ்ப்ரெட்ஷீட்ல ஒரே நெடுவரிசைல கீழ கீழ எட்டு நம்பரையும் அடிங்க, கடைசி 20ல மட்டும் பூஜ்யத்துக்கு பதில் ஓ எழுத்தைப் போடுங்க, கீழ ஆவரேஜ். குழந்தைங்களை முதல்ல நோட்டுல போட வெச்சுட்டு அப்புறம் ஸ்கிரீனைக் காட்டுங்க. நோட்டு சரியா ஸ்கிரீன் சரியான்னு கேட்டுட்டு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க, சண்டை போடட்டும், ரப்பரை எடுக்கற குழந்தைகிட்ட மட்டும் கொஞ்சம் பொறும்மான்னு சொல்லுங்க. ஸ்ப்ரெட்ஷீட் நம்பரை வலது பக்கம் ஒட்டி வைக்கும், எழுத்தை இடது பக்கம் ஒட்டி வைக்கும். பின் பெஞ்சுல இருந்து யாராவது ஒரு குழந்தை எழுந்து, "மிஸ், அந்த ஒண்ணு மட்டும் தள்ளி நிக்குது"ன்னு சொல்லும்.